தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலை. ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் ஒரு வீட்டில் இரண்டு வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஊத்தை உடுப்புக் கூடையை மேல்மாடியிலிருந்து நிலத்துக்குக் கீழே பேஸ்மென்றில் இருக்கும் மெஷினுக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. அதைச் செய்கிறவர் யோகமலர். கூடையை ஒரு படி கீழே வைக்கிறார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, நோகிற காலை முதலில் இறக்கி, மற்றக் காலை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒரு மூச்சு வாங்கி, பிறகு கூடையை அடுத்த படிக்குத் தள்ளுகிறார்.

தூசு தட்டுவது மற்ற வேலை. அதைச் செய்கிறவர் அவருடைய கணவர் மகேஸ்வரன். கீழ்த்தளத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெள்ளைக் கையுறை போட்டு, கமராக் கண்ணாடி துடைக்கிற சின்னத் தூரிகையால் ஒரு தாடிக்காரரின் முகத்தை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருக்கிறார். தாடிக்காரரின் அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம்.

“இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து உந்தக் கூடையைப் பிடியுங்கோ.”

“கை வேலையா இருக்கிறன்.”

அவர் பொய் சொல்லவில்லை. இந்த இனத்தில் பொய் சொல்கிறவர்கள் குறைவு.

வாசகரே, இந்த இனத்துக்கு ஒற்றையாண்டுக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். சேகரிப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர்தான், ஆனால் மற்றச் சேகரிப்பாளர்களோடு சேர்த்துப் பேசினால் அவருக்கு முகம் கறுத்துவிடும். முத்திரை சேர்க்கிறவர் பார்க்காத நாட்டு முத்திரையெல்லாம் சேர்ப்பார். நாணயம் சேர்க்கிறவர் செத்துப்போன ராசாக்களைச் சேர்ப்பார். அவர்களுக்கெல்லாம் ஆசை அகலம். நம்மவருக்கு வேண்டியது ஒரே ஒரு வருடம். தை மாதம் முதலாம் திகதி தொடங்கி மார்கழி முப்பத்தோராம் திகதி வரை உலகம் ஒழுங்காக ஓடியது, அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் அதற்கான ஆயத்தம், பின்னால் நடந்ததெல்லாம் அதன் சரிவு என்று முழுமனதாக நம்புகிறவர் அவர். அந்த வருடத்தைத் தகரப் பெட்டியிலும் பிளாஸ்ரிக் உறையிலும் போட்டு, ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர்.

நம் ஆட்கள் பேஸ்போல் வீரர்களின் பட அட்டை, அதுதான் காட், சேர்ப்பார்களோ என்று கேட்கிறீர்கள். ஏன், நம் ஆட்கள் நகையும் ஸ்ரௌவ்வில் ஊரில் பெரிய வீடும் மட்டும்தான் சேர்ப்பார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ரொறன்ரோ அணி அடுத்தடுத்து இரண்டாவது தடவையாக பேஸ்போலின் பெரிய பட்டத்தை வென்றது. அது வரலாறு. அதே வருடம் மகேஸ்வரன் மல்வேர்னில் ஒரு அப்பார்ட்மென்றில் நாலு பேரோடு பாயைப் பங்குபோட்டுப் படுத்து, பெற்றோல் அடிக்கிற ஒரு காஸ் ஸ்ரேசனில் இரவு வேலை செய்தார். அதுவும் வரலாறுதான், ஆனால் அதற்கு ஒருவரும் காட் அச்சடிக்கவில்லை. காசு வாங்குகிற மேசையில், சூயிங்கத்துக்கும் லைட்டருக்கும் நடுவில், வீரர்களின் படம் போட்ட காட் பக்கற்றுகள் அடுக்கியிருந்தன. நித்திரை வராமலிருக்க ஒன்றை உடைத்தார். முன்பக்கம் படம், பின்பக்கம் முழுக்க இலக்கங்கள். இங்கிலிஸ் சரியாக ஓடாத ஒருவருக்கு இலக்கங்கள் பெரிய ஆறுதல். ஊரில் எல்லே என்ற பந்தடி விளையாட்டு விளையாடி ஒரு பல்லைக் கொடுத்தவர் அவர். தடியும் பந்தும் ஓட்டமும் அவருக்கு யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள், வாழ்நாளில் கண்ணால் காணாத ஊர்களின் வீரர்கள் எந்தக் கையால் அடிப்பார்கள், எந்தக் கையால் எறிவார்கள் என்பதை நித்திரையிலும் சொல்லக்கூடியவராகிவிட்டார். அதே வருடம் புரட்டாதியில், கலியாணத்துக்காக ஊரிலிருந்து அவர் ஸ்பொன்சர் பண்ணிய பெண் வந்து இறங்கினார். யோகமலர். அவருக்காக அதே கட்டடத்தில் தனியாக ஒரு வீடு எடுத்தார். ஆகவே தொண்ணூற்று மூன்று அவருடைய கலியாண வருடமும்கூட. அதை அவர் மறக்கவில்லை. கேட்டால் சொல்வார். இரண்டாவதாக.

இந்த இனத்தை அடையாளம் காண நீங்கள் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். நீங்கள் சப்பாத்தைக் கழற்றி முடிக்கவில்லை, “தேத்தண்ணிக்கு முதல் ஒருக்கா இஞ்சாலை வாங்கோ” என்பார். நீங்கள் ஏற்கனவே வேறு வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தால் விரல் நுனியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கை கழுவும் இடம் காட்டப்படும். பிறகுதான் அறை. “தொடாதேங்கோ, பாருங்கோ.” நீங்கள் பார்க்கிறீர்கள். “சரி, தொடுங்கோ. ஓரத்திலை பிடியுங்கோ.” நீங்கள் ஓரத்தில் பிடிக்கிறீர்கள். “உவன் யாரெண்டு தெரியுமோ?” உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவருடைய நாளே கெட்டுப்போயிருக்கும்.

கடைசியில் எல்லோரும் கேட்கிற ஒரு கேள்வியை நீங்களும் கேட்பீர்கள். “உதுகள் என்ன விலை போகும்?”

அவர் கண்ணை அரைவாசி மூடுவார். “விக்கிறதுக்கோ அண்ணை வைச்சிருக்கிறன்?” என்பார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் போகிற விருந்தாளியை அவர் இரண்டாந்தரம் கூப்பிடுவதில்லை.

வெளியே பனி கொட்டுகிறது என்று சொல்லிப் பாருங்கள். “இதுவோ பனி? தொண்ணூற்றி மூண்டிலை பெஞ்சதெல்லோ பனி.” வீட்டு விலையைப் பற்றிச் சொல்லுங்கள், தக்காளியைப் பற்றிச் சொல்லுங்கள், பிள்ளைகள் பெற்றோருக்கு மரியாதை கொடுப்பதில்லை என்று சொல்லுங்கள். எந்தத் தெருவால் போனாலும் அதே சந்தியில் கொண்டுவந்து விடுவார். ஆனால் இப்போதைய அணி எப்படி விளையாடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இப்போது விளையாடுகிறவர்கள் அவருக்குப் பெடியள். அண்மையில் ஒரு இலையுதிர் காலத்தில் அந்தப் பெடியள் கடைசிப் போட்டி வரை போய், பட்டத்தை வென்றுவிடுவார்கள் போல இருந்தது. நகரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிவிக்கு முன்னால் இருந்தது. மகேஸ்வரன் அந்தக் கிழமை முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அணி தோற்றது. ஊரே அழுதது. நம்மவர் எழும்பிப் போய் இன்னும் இரண்டு தோசை போட்டுத் தரச்சொல்லிச் சாப்பிட்டார்.

அந்த அறையில் விருந்தாளிகளுக்குக் காட்டாத ஒரு இழுப்பறை, ஒரு லாச்சி, இருந்தது. கீழ் லாச்சி. அதில் ஒன்பது காட்கள். அந்த வருடத்துக் காட்களுக்குள்ளே அவர் மிக விரும்பிய ஒன்பது. ரொறன்ரோக்காரர் மட்டுமல்ல, எதிரணி ஆட்களும் அதில் உண்டு. ஆட்டத்தை அறிந்தவன் எதிரியையும் மதிப்பான் என்பது அவர் கட்சி. புதுப் பெண்சாதி வந்த நாட்களில் அந்த ஒன்பதையும் ரிவிக்கு மேலே வரிசையாக நிறுத்தியிருந்தார். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கத்தைப் படிப்பார். நவராத்திரி வந்தது. கடைசி நாள் சரஸ்வதி பூசைக்கு, வீட்டில் படிக்கிற பொருட்களைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். யோகமலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கார் ஓடப் பழகுகிற புத்தகம் ஒன்று. ஒரு அகராதி. வேறு என்ன? இந்த மனிசன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை விடாமல் படிப்பது எதை? ஒன்பது காட்டையும் எடுத்துத் தட்டில் அடுக்கி, பூ வைத்து, சந்தனம் குழைத்து ஒவ்வொரு வீரரின் நெற்றியிலும் தொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். தொப்பி போட்டவர்களுக்குத் தொப்பியில். கைகூப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

இரவு வேலை முடித்து வந்த மகேஸ்வரன் சாமித்தட்டைப் பார்த்தார்.

மிச்சத்தை நான் விரிக்கவில்லை. பஞ்சால் துடைத்தார், போகவில்லை. குங்குமம் அட்டைக்குள் ஊறிவிட்டது. மூன்று கிழமைப் பெண்சாதியிடம் அன்று அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் பதில் தேவையில்லாத கேள்விகள். அதன் பிறகு அந்த வீட்டில் அந்த ஒன்பதுக்கும் ‘அம்மா பழுதாக்கின காட்’ என்று பெயர். மகள் அட்சயா நடை பழகுகிற வயதிலேயே அந்தப் பெயரைப் பழகிவிட்டாள். சோறு குழைந்தாலும், கார் கதவில் கீறல் விழுந்தாலும், வரிக்காரர் கடிதம் போட்டாலும், சுற்றிச் சுழன்று விவாதம் கீழ் லாச்சிக்கு வந்து சேரும். யோகமலர் ஒரு சாப்பாட்டுத் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வரிசையில் இருபது வருடங்களுக்கு மேலாக நின்று வேலை செய்தவர். கொங்கிறீற் தரை. அதிலே முழங்கால் பழுதானது. அதற்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை.

நீண்ட காலம் காத்திருந்து, முழங்கால் மாற்றுகிற ஒபரேசனுக்குத் திகதி கிடைத்தது. ஹொஸ்பிற்றலிலிருந்து ஒரு நேர்ஸ் போன் எடுத்தார். யோகமலர் குளித்துக்கொண்டிருந்தபடியால் மகேஸ்வரன் பேசினார். பெயர் சரி, பிறந்த திகதி ஏறக்குறையச் சரி. எந்தக் கால் என்று நேர்ஸ் கேட்டார்.

“வலது,” என்றார் மகேஸ்வரன், தயங்காமல்.

“இடது,” என்றாள் பக்கத்தில் நின்ற அட்சயா.

“இடதோ? வடிவாத் தெரியுமோ?”

“அப்பா! சீரியஸ்லி?”

நேர்ஸ் இன்னொன்றும் கேட்டார். வீடு வந்தபின் ஆறு கிழமைக்குப் படி ஏறாமல் இருந்தால் நல்லது. கீழ்த்தளத்தில் படுக்க ஒரு அறை இருக்கிறதா?

இருக்கிறது. ஒரே ஒரு அறை. பக்கத்திலேயே பாத்றூம். அந்த வீட்டைக் கட்டியவன் இப்படி ஒரு நாளுக்காகவே அதைக் கட்டியிருக்கவேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் விசயம் மேசைக்கு வந்தது.

“ஹோலிலை சோபா இருக்குத்தானே,” என்றார் மகேஸ்வரன்.

“சோபா உயரமில்லை, பதிவு. இருந்தால் எழும்பேலாது,” என்றார் யோகமலர்.

“கட்டில் ஒண்டு வாங்கி ஹோலிலை போடுவம். நடுவிலை ஒரு கேர்ட்டினைத் தொங்கவிட்டால்…”

“வாறவை போறவைக்கு முன்னாலை நான் கேர்ட்டினுக்குப் பின்னாலை கிடக்கிறதோ? நாடகமோ?”

“அப்பா, காட் எல்லாத்தையும் பேஸ்மென்றுக்குக் கொண்டு போகலாம். ஐ வில் ஹெல்ப் யூ. ஒரு பின்னேரம்.”

“பேஸ்மென்ற் ஈரம்.”

“மேலே?”

“மேலை வெக்கை. பிள்ளைக்கு விளங்கேல்லை. காட்டுக்கு ஈரமும் கூடாது, காய்ஞ்சும் போகக்கூடாது. அந்த அறையிலை மீற்றர் வைச்சு வருசக்கணக்கா ஒரே அளவிலை வைச்சிருக்கிறன்.”

இது உண்மை. மாரி காலத்தில் அந்த வீட்டில் எல்லோருடைய உதடும் வெடிக்கும், யோகமலரின் குதிக்கால் பிளக்கும். வீட்டிலேயே தோலுக்கு இதமான காற்று இருக்கிற ஒரே இடம் அந்த அறை. உள்ளே இருப்பவர்களுக்குத் தோல் இல்லை, அவ்வளவுதான்.

“நான் உங்களிட்டை வீட்டைக் கேக்கேல்லை,” என்றார் யோகமலர். “ஆறு கிழமை. ஒரு அறை. சத்தமில்லாமல் கிடக்கிறதுக்கு.”

“யோசிப்பம்,” என்றார் மகேஸ்வரன்.

ஒற்றையாண்டுக்காரர் ‘யோசிப்பம்’ என்றால் என்ன பொருள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் வீட்டில் கேட்டுப் பாருங்கள். திகதி கிட்டக்கிட்ட வந்தது. யோசனை நடந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு இரவும், சாத்தியிருந்த அந்த அறைக் கதவைப் பார்த்துவிட்டு யோகமலர் படியில் ஏறினார்.

கடைசியில் அட்சயாதான் வழி கண்டுபிடித்தாள். பக்கத்து நகரமான மார்க்கத்தில் காட் விற்கிற ஒரு கடை இருந்தது. “அப்பா, ஒரு எக்ஸ்பேர்ட்டிட்டைக் காட்டுவம். அவங்கள் பெரிய சாமான் எண்டு சொன்னால் அறையை நீங்களே வைச்சிருங்கோ. இல்லாட்டி பேஸ்மென்ற். டீல்?”

மகேஸ்வரன் சிரித்தார். முப்பது வருடத்துக்கு மேலாக அவர் காத்திருந்த விருந்தாளி அல்லவா அந்த எக்ஸ்பேர்ட்? கலியாணத்துக்குப் போகிற சேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பெட்டிகளைக் காரில் ஏற்றியது அட்சயா. அப்பாவின் ஒழுங்கைப் பாராமல் கீழ் லாச்சியையும் அப்படியே இழுத்தெடுத்துப் பின்சீற்றில் வைத்துவிட்டாள்.

கடையில் வேலை செய்கிற இளைஞன் மரியாதையான பிள்ளை. முதல் பெட்டியைத் திறந்தான், வருடத்தைப் பார்த்தான், இரக்கத்தோடு மூடினான். இரண்டாவதைத் திறந்தான். “வடிவாக வைத்திருக்கிறீர்கள், அங்கிள்,” என்றான் இங்கிலிஸில். பிறகு விளங்கப்படுத்தினான். அந்தக் காலத்தில் கொம்பனிகள் கணக்கு வழக்கில்லாமல் அச்சடித்தன. ஒரு நாளைக்குப் பெறுமதி வரும் என்று எல்லோரும் வாங்கினார்கள். வாங்கிய எல்லோரும் உறையில் போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். ஒருவரும் தொலைக்கவில்லை, ஒருவரும் கிழிக்கவில்லை. ஆகவே எல்லாம் எல்லோரிடமும் இருக்கிறது. “என்னுடைய பெரியப்பாவின் கராஜிலும் இதே பெட்டிகள் இருக்கின்றன. இதே ஒழுங்கில்.”

மகேஸ்வரன் கையுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இளைஞன் மரியாதைக்காகக் கீழ் லாச்சியையும் பார்த்தான். அப்படியே நின்றான்.

“இது என்ன?”

“டமேஜ்,” என்றார் மகேஸ்வரன் அவசரமாக. “அதை விடுங்கோ. டமேஜ்.”

இளைஞன் விடவில்லை. வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். பின்னுக்கு நின்ற கடைக்காரரைக் கூப்பிட்டான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்பது முரட்டு மனிதர்கள், வாயில் வெற்றிலை போல எதையோ அதக்கிக்கொண்டு, கையில் தடியோடு, நெற்றியில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டு. “இப்படி ஒன்றை நான் கண்டதேயில்லை,” என்றார் கடைக்காரர். “யார் செய்தது? ஏன்? இதை விற்பீர்களா?” பிறகு, போனில் படம் எடுக்கலாமா என்று கேட்டார்.

“மை மொம்,” என்றாள் அட்சயா. கடைக்காரருக்கு அது கேட்டதா தெரியாது. மகேஸ்வரனுக்குக் கேட்டது.

கார் வீட்டுத் தெருவில் திரும்பும்போது மகேஸ்வரன் சொன்னார்: “பிள்ளை, கவனிச்சனியோ? பொட்டு ஒன்பதும் ஒரே அளவு.”

“அம்மா வைச்சது.”

“ஓம் ஓம். வீட்டிலை வைச்சதுதானே.”

அடுத்த நாளே அறை திறந்தது! கட்டில் உள்ளே போனது. யோகமலருக்கு நம்பமுடியவில்லை. இரண்டு தடவை கேட்டார், “மெய்யாவோ?” மகேஸ்வரன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். பெட்டிகள் ஒரு பக்கச் சுவரோடு நின்றன, அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே, நல்ல வெளிச்சம் விழுகிற சுவரில், புதிதாக ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. உள்ளே கறுப்பு வெல்வெற்றில் ஒன்பது பேர். ஒபரேசன் நல்லபடி நடந்தது. இடது காலில்தான். யோகமலர் வந்து படுத்தார். அவர் கேட்டது கிடைத்துவிட்டது. ஆறு கிழமை, ஒரு அறை.

சத்தமில்லாமல் என்றும் கேட்டிருந்தாரே, அதுதான் சிக்கல்.

ஒருவருக்கு ஒபரேசன் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வேலையால் வந்து, குளித்து, ஹோர்லிக்ஸ் போத்தலோ தோடம்பழப் பையோ தூக்கிக்கொண்டு, சிலபேர் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு, மார்க்கத்திலிருந்தும் பிரம்ரனிலிருந்தும் வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் மகேஸ்வரன் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு அறைக்குப் போகவேண்டும். இப்போது அவர்களாகவே வரிசையாக அறைக்குள் வருகிறார்கள். அவருக்கு வேறு என்ன வேண்டும்? வருகிறவர் “எப்பிடி மலர், நோ குறைஞ்சுதோ?” என்று கேட்பார். யோகமலர் வாய் திறப்பதற்குள், “அதை விடுங்கோ, இஞ்சை சுவரைப் பாருங்கோ” என்று ஒரு குரல் தலைமாட்டிலிருந்து வரும். வந்தவர்கள் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்ப்பார்கள். யோகமலர் அவர்களின் முதுகுகளைப் பார்ப்பார். மருந்து நித்திரையில் கண் சொருகும்போதும் அந்தக் குரல் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலாவது கிழமை வந்தவர்களுக்கு மகேஸ்வரன் சொன்ன கதையில், பொட்டு வைத்தது யோகமலர். விளையாட்டாகச் செய்துவிட்டார், தானும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். இரண்டாவது கிழமை வந்தவர்களுக்கு, ‘நாங்கள் ரண்டுபேருமாய் அண்டைக்குப் பூசை வைச்சம்’ என்றார். கட்டிலில் ஒரு தலையணை இடம் மாறியது. அது கால் நோவினால் என்று நினைத்துக்கொண்டார். கடைக்காரர் எடுத்த படம் எங்கெங்கோ சுற்றி, தெரியாத ஆட்களெல்லாம் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், எண்ணெய்க் கறையோ என்று கேட்டிருந்தார்.

மூன்றாவது கிழமை மரியரட்ணமும் மனைவி அன்ரனெற்றும் வந்தார்கள். மரியரட்ணம் அந்தக் காலத்தில் மல்வேர்னில் பாயைப் பங்குபோட்ட நாலு பேரில் ஒருவர். அன்ரனெற் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, யோகமலரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அறைக்குள் வந்தவர்களில் சுவருக்கு முதுகைக் காட்டிய முதல் ஆள் அவர்தான். ஆனால் மகேஸ்வரன் அதை நெடுநேரம் விடவில்லை.

“அன்ரனெற், திரும்பிப் பாரும். மரியண்ணை, வடிவாக் கிட்டப்போய்ப் பாருங்கோ. தொண்ணூற்றி மூண்டு. சரஸ்வதி பூசை. எல்லாரும் புத்தகம் வைப்பினம். நான் உந்த ஒன்பதையும் எடுத்து வைச்சன். ஒவ்வொருத்தனுக்கும் நானே சந்தனம் தொட்டு, குங்குமம் வைச்சனான்.”

“நீரோ?” என்றார் மரியரட்ணம். “நீர் அப்ப கோயிலுக்கே போகமாட்டீரே. உமக்குள்ளை உப்பிடி ஒரு மூளை இருந்திருக்கு, பாரும்!”

“அப்பவே யோசிச்சுச் செய்தது. இண்டைக்கு உலகத்திலை உது ஒண்டுதான் இருக்கு.”

அன்ரனெற் எழும்பிச் சட்டத்துக்குக் கிட்டப் போனார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தார். சின்ன விரல் நுனியால் தொட்டு வைத்த பொட்டுகள். மகேஸ்வரனின் விரல்களையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி, குறும்பில்லாமல், மெய்யாகவே அறிய விரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

“நாங்கள் மாதாவுக்கு முன்னாலை ஒரு மெழுகுதிரி கொளுத்தினாலும் எதையாவது மன்றாடித்தானே அண்ணை கொளுத்துவம். நீங்கள் அண்டைக்கு என்னத்தை மன்றாடி உதை வைச்சனீங்கள்?”

மகேஸ்வரன் வாயைத் திறந்தார். “அது… எங்கடை அணி வெல்லோணும் எண்டு…” என்று தொடங்கினார். ஆனால் ஒற்றையாண்டுக்காரருக்குத் தன் வருடத்து ஆட்டத்தைப் பற்றிப் பிழையாக ஒன்றைச் சொல்ல நாக்கு வராது. “இல்லை, இதிலை நாலு பேர் மற்ற அணியள். அவங்களுக்காக என்னெண்டு…” அதோடு நின்றுபோனார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த ஒன்பது காட்களைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதைத் தெரிந்த ஆள் அதே அறையில், இரண்டடி தள்ளி, காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு இருந்தார்.

அவர் கட்டில் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேரும். அண்டைக்கு என்ன கேட்டு வைச்சனாங்கள்?”

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. சிரியுங்கள். உங்கள் வீட்டில் பேஸ்போல் காட் இல்லை. கம்பஸில் படித்த வருடமோ, நீங்கள் சங்கச் செயலாளராக இருந்த வருடமோ, இந்த நாட்டுக்கு வந்து முதல் பனியில் வேலைக்கு நடந்துபோன வருடமோ மட்டும்தான் இருக்கும். அதற்கு அறை தேவையில்லை, விருந்தாளி வந்தால் போதும். ஆனால் அடுத்த தடவை அந்தக் கதையை எடுக்கும்போது, ‘நான்’ என்று சொல்லுமுன் ஒருக்கால் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முதுகு தெரிந்தால், நான் இவ்வளவு நேரமும் யாரைப் பற்றி எழுதினேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

யோகமலர் ஐஸ் பையை எடுத்து மேசையில் வைத்தார். காலைக் கீழே இறக்கி, செருப்புக்குள் நுழைத்து, தடியைப் பிடித்து எழும்பினார். அன்ரனெற் தாங்கப் போனார், யோகமலர் தலையசைத்து வேண்டாம் என்றார். மரியரட்ணம் ஒதுங்கி வழி விட்டார்.

“பாத்றூமோ? அட்சயாவைக் கூப்பிடட்டோ?” என்றார் மகேஸ்வரன். “கேட்டனெல்லோ, என்னத்தைக் கேட்டு வைச்சது எண்டு? அன்ரனெற் பாத்துக்கொண்டு நிக்கிறா.”

யோகமலர் பாத்றூம் கதவைத் தாண்டிப் போனார். படி ஏறலாம் என்று பயிற்சி கொடுக்க வருகிற பெண் இன்னும் சொல்லவில்லை. மேல்மாடிக்குப் போகிற முதல் படியில் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அடுத்த படியில்.